ஓவன் கதவின் கொக்கி

நான் வேலை பார்த்த ஷோரூமில் இப்போது புதிதாக ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுபோனால் உடனே மெக்கானிக் வரமாட்டார். வீட்டுக்காரர் செல்போன் கேமராவில் மெஷினைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். அதற்கு ஒரு புகார் எண், அந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ், கடைசியில் எங்கள் சேவை எப்படி என்று ஐந்து நட்சத்திரம். மெஷின் மட்டும் ஓடாது.

இதைக் கேட்டு நான் சிரித்தது இப்போதைய மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க மட்டும் என்னத்தக் கிழிச்சீக அண்ணாச்சி? உங்க சர்வீஸ்ல கஷ்டமான கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார்கள். கேட்டது நியாயம்தான். எழுதுகிறேன். என்னத்தைக் கிழித்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தேன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை விருதுநகர் பஜாரில் ஒரு ரேடியோ கடையில் ஷாக் அடித்து ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டேன். ரேடியோ போய் டிவி வந்தது, டிவியோடு பிரிட்ஜ் வந்தது, நான் ஷோரூமின் சர்வீஸ் பிரிவுக்கு வந்தேன். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் மூன்றும் என் எல்லை.

எங்கள் பக்கத்து மெஷின்களுக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத வியாதிகள் வரும். தாயில்பட்டியில் ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் டிரம் முழுக்க வெள்ளி முலாம் பூசினதுபோல் பளபளத்தது. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர், சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து மெஷினில் படிந்திருக்கிறது. சென்னை ஆபீசுக்கு எழுதினேன். "இந்த மாடல் நம்மிடம் கிடையாதே" என்று பதில் வந்தது. இன்னொரு வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் காய்கறி வைக்கிற தட்டில் குடம் குடமாக மைதாப் பசை. தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. பால் வெளியில் கெட்டுக்கொண்டிருந்தது. "பால் கெட்டா காப்பி இல்ல, பசை கெட்டா கஞ்சியே இல்ல" என்றார் அந்த அம்மா. கூலிங் போதவில்லை என்பதுதான் அவர் புகார்.

என் மேலதிகாரி சர்வீஸ் மேனேஜர் ரெங்கசாமி சார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று கையெழுத்துக்கு, இன்னொன்று நாங்கள் இரவல் கேட்டால் கொடுப்பதற்கு. அதில் மை இருக்காது. இருபது வருடத்தில் அவர் ஒரு மெஷினைத் தொட்டு நான் பார்த்ததில்லை. போனில் வாடிக்கையாளர் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும், "கம்ப்ரசர்" என்று ஒரு வார்த்தை சொல்வார். மிக்சிக்கும் அதைத்தான் சொல்வார்.

எங்கள் ஜாப் கார்டில் மூன்று கட்டம். கஸ்டமர் சொன்னது, நாம் கண்டது, நாம் செய்தது. நடுக் கட்டத்துக்கு ரெங்கசாமி சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். "கஸ்டமர் தப்பு பண்ண மாட்டாருய்யா. மெஷின்தான் தப்பு பண்ணும். கண்டதை எல்லாம் எழுதாதே." ஆகவே எலி கடித்த ஒயர் எங்கள் கார்டில் இயற்கையாகத் தேய்ந்திருக்கும். பேரன் பம்பரத்தைப் போட்ட மோட்டார் வயதானதால் நின்றிருக்கும். வெள்ளி பூசிய டிரம்மை, பருவநிலை காரணம் என்று எழுதினேன். சார் தட்டிக் கொடுத்தார். நானும் பெருமைப்பட்டேன்.

ஓவன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஆடி மாதம். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டிலிருந்து புகார் வந்தது. அந்த வீட்டு மருமகள் கல்பனா கோயம்புத்தூர்ப் பெண். கேக் செய்வதை முறையாகப் படித்தவர். அவருடைய அண்ணன் துபாயிலிருந்து கப்பலில் அனுப்பிய சீர் அந்த ஓவன். தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன். மாவட்டத்திலேயே அது ஒன்றுதான். என் சர்வீசில் நான் பார்த்ததும் அது ஒன்றுதான்.

தானே சுத்தம் செய்வது என்றால் உள்ளே யாரும் துடைப்பத்தோடு உட்கார்ந்திருப்பதில்லை. ஓவன் தன்னைத் தானே ஐந்நூறு டிகிரி வரைக்கும் காய்ச்சிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு, பொங்கி வழிந்த மாவு எல்லாம் கருகிச் சாம்பலாகிவிடும். ஆறின பிறகு ஈரத் துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் யாராவது கதவைத் திறந்தால் கை வெந்துபோகும், முகம் வெந்துபோகும். அதனால் சூடு ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன மோட்டார் ஓடி, ஒரு கொக்கியை முன்னால் தள்ளிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். கொக்கி பிடித்ததும் ஒரு பொடி சுவிட்சை அழுத்தும். சுவிட்ச் அழுந்தினால்தான் திரையில் பூட்டுப் படம் நிலையாக எரியும், ஓவன் சூடேறும். முழுக்க ஆறும்வரை கதவு திறக்காது. அந்த வீட்டு ஓவனில் பூட்டுப் படம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சூடு ஏறவில்லை. கேக் சுடுவதற்கு ஓவன் நன்றாக வேலை செய்தது, சுத்தம் செய்யத்தான் மறுத்தது.

"மெக்கானிக் அண்ணா, எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார் கல்பனா. "தீபாவளிக்குள்ள இது தானே சுத்தமாகலைன்னா குடோனுக்குப் போகுதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. முட்டை வாடை வீடு பூரா அடிக்குதாம்."

அவர் இடுப்பில் இரண்டு வயது மகள் தர்ஷினி. இறக்கிவிட்டால் நேரே போய் ஓவன் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவாள். அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது அது. நான் அங்கே போன ஒவ்வொரு முறையும் அவளை அந்தக் கைப்பிடியிலிருந்து யாராவது பிய்த்து எடுத்தார்கள்.

முதல் தடவை மீட்டரை வைத்துப் பார்த்தேன். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் உறுமுகிறது, சுவிட்ச் மட்டும் அழுந்தவில்லை. மோட்டாருக்கு இழுக்கத் தெம்பில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அப்போது கல்பனா ஓவனோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, இதுல கதவைப் பத்தி ஒரு படம் போட்டிருக்குங்க" என்றார்.

"புக்கெல்லாம் வீட்டுக்காரங்களுக்குத் தாயீ. எங்களுக்கு சர்க்யூட்டுதான்" என்றேன். எத்தனை திமிர் பாருங்கள். அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

மோட்டார் துபாய் வழியாக வர நாற்பது நாள் ஆனது. ஓவனைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டினேன். மோட்டார் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீளக் கம்பி முன்பக்கம் போகிறது. கம்பி அழகாக முன்னும் பின்னும் போய் வந்தது. பூட்டுப் படம் அப்போதும் கண் சிமிட்டியது. சரி, சுவிட்ச்தான் கெட்டுவிட்டது என்று சுவிட்சை மாற்றினேன். மறுபடியும் சிமிட்டல். கம்பியின் நுனியில் என்ன இருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. இருப்பதைப் பார்த்துப் பழகியவனுக்கு இல்லாததைப் பார்க்கத் தெரியாது.

ஷோரூமுக்குத் திரும்பினேன். ரெங்கசாமி சார் கண்ணை மூடிக் கேட்டார். கம்ப்ரசர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. விஷயம் அவ்வளவு பெரிது. அந்த முதலாளி ஒவ்வொரு தீபாவளிக்கும் வெளியூர் ஏஜெண்டுகளுக்கு பிரிட்ஜ் பரிசு கொடுப்பார். மொத்த ஆர்டரும் எங்களுக்குத்தான் வரும்.

"சுவிட்ச் அழுந்தினா ஓடும்னு சொல்றே?"

"ஆமா சார்."

"அழுந்தின மாதிரி ஒரு ஒயரைப் போட்டு விட்டுட்டு வாய்யா. மெஷினுக்குத் தெரியவா போகுது?"

அது தப்பு என்று எனக்குத் தெரியும். காவல்காரன் வரவில்லை என்பதற்காக அவன் பெயரில் நானே கையெழுத்துப் போடுகிற வேலை. ஆனால் கம்பி போய் வருகிறதே, கொக்கி எப்படியும் பிடிக்கத்தான் செய்யும், சுவிட்சுக்குத்தான் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேனேஜர் சொன்ன தப்பைச் செய்கிறவனுக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இரண்டு அங்குல ஒயர் ஒன்றைப் போட்டேன். பூட்டுப் படம் சிமிட்டாமல் நின்று எரிந்தது. சூடு ஏறத் தொடங்கியது. வீடே கைதட்டியது. இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். மத்தியானச் சமையல் முடிந்து, மூன்று மணிக்கு மேல் போட்டுக்கொள்வதாகக் கல்பனா சொன்னார். கதவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கைதட்டல் கேட்கிறபோது யாருக்குத் தோன்றும்?

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஏய்யா, கை ராசியான ஆளுல்லா நீ! அப்படியே நம்ம பாக்டரியில தண்ணி கூலர் ஒண்ணு மக்கர் பண்ணுது, அதையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரு. ஜீப்பு கொண்டுபோய் விடும்" என்றார். அங்கேயே மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, கிடா வெட்டில் தலைக்கறி கிடைத்தவன் மாதிரி கிளம்பினேன்.

தொழிற்சாலை அச்சங்குளம் போகிற பாதையில் இருந்தது. ஜீப் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பெரிய இரும்புக் கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் எதிரே டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னிக்கு லீவுல்லா" என்றார். உள்ளே பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

கூலர் பார்க்க வந்த ஆள் என்றதும் பூட்டைத் திறந்தார். சட்டைப் பையைத் தடவி, செல்போனையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார். உள்ளே வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரண்டுமே ஆகாது. சரியான சட்டம். நான் உள்ளே போனதும் மறுபடி வெளியில் பூட்டினார்.

"எதுக்கு அண்ணாச்சி வெளிய பூட்டுதீக?"

"ஆபீசர் ஜீப்பு வந்தா லீவுன்னு தெரியணுமா இல்லியா? சீசன்லா. ஞாயித்துக்கெளமை லோடு நிக்குமா?" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். என் செல்போனும் அவரோடு போனது.

தண்ணீர் கூலர் ஆபீஸ் வராந்தாவில் இருந்தது. ஆபீஸ் பூட்டியிருந்தது, அன்றைக்கு லீவு அல்லவா. கூலரில் ஒன்றுமில்லை, தூசி அடைத்திருந்தது. அரை மணி நேரம் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து ஊதித் துடைத்து ஓடவிட்டேன். முதல் டம்ளர் தண்ணீரைப் பிடித்துக் குடித்தவர் போர்மேன் சுடலைமுத்து. அறுபதை நெருங்குகிற ஆள், இந்தத் தொழிலில் முப்பது வருடம். இடது புருவம் பாதிதான் இருந்தது.

ஓவன் சரிசெய்த மெக்கானிக் நான்தான் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வாங்க, எங்க கதவைப் பாருங்க" என்று ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். சின்ன அறை, நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு கதவு. எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கிறவை.

"தாள்ப்பாள் தெரியுதா?"

"இல்லையே."

"இருக்காது. இருக்கவும் கூடாது. வெக்கை இருக்கிற ரூமுக்குத் தாள்ப்பாள் வச்சவன் கொலைகாரன். தள்ளினா தொறக்கணும், ஓடணும். முப்பது வருசமா நான் ஒரு கதவுல கொண்டி மாட்ட விட்டதில்ல." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி வீட்டு அடுப்புப் பொட்டிக்கே நான்தான் வைத்தியம் பாத்தேன்."

"என்ன வைத்தியம்?"

"அது வந்த புதுசுல மருமகப் பொண்ணு அதைப் போட்டுட்டுப் பூசைக்குப் போயிருச்சு. பொட்டி கொதியாக் கொதிக்குது, தன்னால பூட்டிக்கிடுச்சு, இழுத்தா வரல. மொதலாளியம்மா கூப்பாடு போட்டு, மொதலாளி எனக்குப் போன் பண்ணிட்டாரு. போய்ப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. எவன்யா இப்பிடி ஒரு சாமானைச் செஞ்சான்? மறுநா அந்தப் பொண்ணு கல்யாண வீட்டுக்குப் போன நேரமாப் பாத்து, முன்னாடி ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கொக்கியைக் கழத்திப்புட்டேன். மொதலாளிதான் கழத்தச் சொன்னாரு, பொறவு அவரே அதை மறந்துட்டாரு. இனி எந்நேரமும் தொறக்கும்."

அவர் கையைப் பிடித்தேன். "அந்தக் கொக்கி எங்க?"

"அங்கனதான் இருக்கு" என்று வராந்தாவைக் காட்டினார்.

கூலருக்கு நேர் மேலே சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என் கொக்கி. மூன்று மாதம், ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், துபாய்க்கு மூன்று கடிதம். அரை மணி நேரம் அதற்குக் கீழேயே உட்கார்ந்து தூசி ஊதியிருக்கிறேன். நாட்காட்டியில் அன்றைய ராசிபலனைக்கூடப் படித்தேன். எனக்கு அன்று புகழ் என்று போட்டிருந்தது.

சிரிப்பு வருவதற்கு முன்னால் கணக்குப் புரிந்துவிட்டது. கொக்கி இல்லை. ஆனால் பூட்டியாயிற்று என்று மெஷினை நான் நம்பவைத்திருக்கிறேன். மூன்று மணிக்கு அந்தப் பெண் பட்டனை அழுத்துவார். ஓவன் ஐந்நூறு டிகிரிக்குப் போகும். கதவு சும்மா சாத்தியிருக்கும். அந்தக் கைப்பிடியில் தர்ஷினி தொங்குவாள். என் கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

"போன் எங்க இருக்கு?" என்று கத்தினேன். ஆபீசுக்குள் இருக்கிறது. ஆபீஸ் லீவு. என் போன் வாட்ச்மேன் பையில். வாட்ச்மேன் டீக்கடையில். இருவரும் கேட்டுக்கு ஓடினோம். இரும்புத் தகட்டை அடித்தேன், உதைத்தேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதில் இரண்டு ஆள் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. பின்பக்கம் வழி உண்டா என்று சுடலைமுத்துவைக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அந்த மனிதர் உள்கதவுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கொக்கியைப் பார்க்காத நான் அவரைச் சொல்லக் கூடாது.

சத்தம் கேட்டு ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வந்து நின்றார்கள். முப்பது, நாற்பது பேர் இருக்கும். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசிய கைகள். அவர்களில் மாரித்தாய் என்று ஒரு அம்மா, "எதுக்கு அண்ணாச்சி தொண்டையக் கிளிச்சிக்கிடுதீக? வாட்ச்மேன் அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாரு" என்றார்.

"அவசரம்மா. அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"எது ஆனாலும் அஞ்சு மணிக்கு மேலதான் ஆகணும்" என்றார் மாரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். வாரா வாரம் சொல்லிப் பழகின வேடிக்கைபோல் இருந்தது.

மூன்று மணி ஆனது. மூன்று ஐந்து. அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு, கண்மலர், மொட்டை எல்லாம் நேர்ந்துகொண்டேன். அந்தக் குழந்தையின் உள்ளங்கை என் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஓவனுக்குள் நான் போட்ட இரண்டு அங்குல ஒயரை நினைத்து என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். சுடலைமுத்து ஒரு கல்லை எடுத்துக் கேட்டில் வீசினார். அது தகட்டில் பட்டு அவர் காலடியிலேயே விழுந்தது.

மூன்று பத்துக்கு வெளியில் செருப்புச் சத்தம். வாட்ச்மேன்தான். நாங்கள் கூப்பிட்டதற்காக வரவில்லை. அவர் பையில் இருந்த என் செல்போன் விடாமல் அடித்திருக்கிறது. எதை அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல், டீக்கடையில் எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் வந்திருக்கிறார். "இந்தச் சனியனை நிப்பாட்டுங்க முதல்ல" என்று கேட்டைத் திறந்து நீட்டினார்.

கல்பனாதான் பேசினார்.

"அண்ணா, மூணு மணிக்குப் போட்டேனுங்க. பூட்டுப் படம் எரியுது. ஆனா கதவை இழுத்தா திறக்குதுங்களே? பூட்டினதும் ஒருதடவை இழுத்துப் பாக்கணும்னு புக்குல போட்டிருக்கு. திறந்ததும் பயமாப் போச்சு. உடனே அணைச்சுட்டேன். உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு..."

"போடாதீக தாயீ. தொடாதீக. நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வாட்ச்மேன் பயந்துபோய் என் தீப்பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாட்காட்டியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு, சுடலைமுத்துவின் மொபெட்டில் சிவகாசிக்குப் போனோம். முதலாளி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் வேலையாக ஓவனின் மின்சாரத்தை நிறுத்தி, நான் போட்ட ஒயரை எடுத்தேன். கல்பனா புத்தகத்தை விரித்தார். இந்தத் தடவை பார்த்தேன். கம்பி, கம்பி நுனியில் கொக்கி, கொக்கிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற படம்.

கொக்கியை மாட்டச் சொன்னபோது சுடலைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் மாட்ட மாட்டேன். வெக்கைக்குப் பூட்டுப் போடுற பாவத்தை என் கையால செய்ய மாட்டேன்."

கல்பனா அவரிடம் பொறுமையாகச் சொன்னார். "உங்க ஷெட்டுல ஆளுங்க உள்ள இருக்காங்க, அதனால பூட்டக் கூடாதுங்க. இங்க சூடுதான் உள்ள இருக்கு, ஆளுங்க நாமெல்லாம் வெளிய நிக்கிறோம். உள்ள மனுசங்க இருந்தா பூட்டக் கூடாது. உள்ள நெருப்பு மட்டும் இருந்தா பூட்டியே ஆகணும். அம்புட்டுத்தானுங்க." எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் அம்புட்டு என்று சொல்லப் பழகியிருந்தார்.

சுடலைமுத்து ஓவன் கதவை ஒருமுறை திறந்து உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து உட்கார்ந்து, தான் கழற்றின கொக்கியைத் தானே மாட்டினார். பட்டனை அழுத்தினோம். டொக்கென்று ஒரு சத்தம். கல்பனா இழுத்தார், நான் இழுத்தேன், தர்ஷினி தொங்கினாள். கதவு அசையவில்லை. உடனே அணைத்தோம், கொக்கி விட்டது, கதவு திறந்தது. வேலை முடிந்தது.

சுடலைமுத்து எழுந்து முதலாளியின் முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, அங்கன உள்ள மனுசங்கல்லா இருக்காக."

"எங்கன?"

"நம்ம கேட்டுக்கு உள்ள."

முதலாளி பேப்பரைத் தாழ்த்தவில்லை. "ஏலே, அடுப்பைப் பத்திப் பேச வந்தா அடுப்பைப் பத்திப் பேசு."

"இன்னிக்கு நானும் உள்ள நின்னேன் மொதலாளி. இருவது நிமிசம்."

"காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார் முதலாளி. உள்ளேயிருந்து காப்பி வந்தது. சுடலைமுத்து குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன், சுடலைமுத்து கேட்டில் பூட்டு மாட்டுகிற கொண்டியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று ஒருநாள் அந்தக் கேட்டு திறந்தே கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள், வயதாகிவிட்டதாம். செவ்வாய்க்கிழமை புதுக் கொண்டி வந்தது, பழையதைவிடத் தடியாக. அந்த வருடம் அங்கே விபத்து ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு நான் காரணமில்லை.

எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஓவன் ஓடியது, குடோனுக்குப் போகவில்லை. பிரிட்ஜ் ஆர்டர் எங்களுக்கே வந்தது. ரெங்கசாமி சார் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

அந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சூலக்கரையில் ஒரு அரசு அலுவலகத்தில் ஏ.சி. சர்வீசுக்குப் போனேன். பட்டாசுத் தொழிற்சாலை பற்றிய புகார்களை வாங்குகிற அதிகாரியின் அறை என்று வாசலில் பலகை இருந்தது. நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "எந்தப் பக்கம் எல்லாம் வேலைக்குப் போவீங்க?" என்று அவராகவே கேட்டார். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்றேன். அச்சங்குளம் பாதையில் ஒரு கேட்டு இருக்கிறது சார், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள் என்ற ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த வருட பிரிட்ஜ் ஆர்டரும் கூடவே நினைவுக்கு வந்தது. ஒரு குழந்தையின் கைக்காக அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவன்தான் நான். நாற்பது பேருக்காக ஒரு வரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கத்தில் முகம் எரிகிறது.

கஷ்டமான கேஸ் கேட்டீர்களே, இதுதான். பில்டரைக் கழுவி மாட்டிவிட்டு, "காத்து நல்லா வருதா சார்?" என்று கேட்டேன். நன்றாக வருகிறது என்றார். கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.